வழிகாட்டும் கல்லும் ஒரு தருமமே

நம் முன்னோர் தொலைவை எவ்வாறு குறிப்பிட்டார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘செஞ்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம் ஐயா?’ என்று வழிப்போக்கர் ஒருவர் கேட்டால், ‘நாலு கல் இருக்கும்’ என்று விடை சொல்வார்கள். கல் என்பது கண்ணால் காணும் பொருள். தொலைவு என்பது கண்ணுக்குப் புலப்படாத அளவு. ஆயினும், சாலையோரத்தில் ஊன்றி நின்ற கல்லின் பெயரே ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் இடைப்பட்ட தொலைவுக்கும் பெயராகி நிலைத்துவிட்டது.

அரபு மொழியிலும் இதே நிகழ்ச்சி நடந்திருக்கின்றது. ‘மீல்’ என்னும் அரபுச் சொல்லுக்கு வழியை அறிவிக்க நாட்டப்பட்ட தூண் என்றும் பொருள் உண்டு. அத்தூணால் அளக்கப்படும் தொலைவு என்றும் பொருள் உண்டு. ஆயிரம் இரட்டை அடிகளைக் கொண்டு தொலைவை அளந்த ரோமானியரின் சொல்லிலிருந்தே அரபியரின் ‘மீல்’ என்பதும் ஆங்கிலேயரின் ‘மைல்’ என்பதும் தோன்றின. தமிழனின் ‘கல்’லோ எவரிடமும் கடன் வாங்காமல் அதே பொருளைச் சுமந்து நிற்கின்றது.

இன்று கைபேசியைத் தட்டினால் போகும் ஊரின் தொலைவும், போய்ச் சேரும் நேரமும் தெரிந்துவிடுகின்றன. சாலையோரக் கல்லை ஏறெடுத்துப் பார்ப்பார் யார்? திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள வல்லம் வட்டாரத்தில், அவ்விதம் எவராலும் ஏறெடுத்துப் பார்க்கப்படாத ஒரு பழைய மைல் கல் எனக்கு ஒரு பெரிய பாடத்தைக் கற்பித்தது. அதைப் பின்னர்ச் சொல்கின்றேன். வழி, வழிப்போக்கர், வழிக்குறி ஆகியவற்றைப் பற்றி மார்க்கம் சொல்வதை முதலில் காண்போம்.

திருமறை காட்டும் வழிக்குறிகள்

அல்லாஹு தஆலா தன் அடியார்களுக்கு அருளிய கொடைகளைத் திருக்குர்ஆனின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் வரிசையாக எடுத்துரைக்கின்றான். மலைகள், ஆறுகள் ஆகியவற்றோடு, மக்கள் நேர்வழி பெறும் பொருட்டுப் பாதைகளையும் அமைத்ததாகக் கூறிவிட்டு, அடையாளங்களையும் ஏற்படுத்தியிருப்பதாகவும், விண்மீனைக் கொண்டும் மக்கள் வழி அறிந்து கொள்வதாகவும் தெரிவிக்கின்றான். பாதை ஓர் அருட்கொடை. அப்பாதையில் உள்ள அடையாளம் வேறோர் அருட்கொடை. வழி இருந்தும் குறி இல்லையேல், வழிப்போக்கன் திசை கெட்டு அலைவானன்றோ?

‘ஸபா’ அத்தியாயத்தில் வரும் வரலாறு இன்னும் ஆழமானது. யமன் நாட்டில் வாழ்ந்த ஸபா மக்களுக்கும் பரக்கத் பொருந்திய ஷாம் நாட்டுக்கும் இடையே, ஒன்றையொன்று பார்த்தாற்போல ஊர்களை அல்லாஹ் அமைத்திருந்தான். பயணத்துக்குரிய தங்கு தொலைவுகளை அளந்து வைத்து, இரவிலும் பகலிலும் அச்சமின்றிப் பயணம் செய்யுமாறு அருள் புரிந்திருந்தான். நண்பகலை ஓர் ஊரிலும் இரவை மற்றோர் ஊரிலும் கழிக்கலாம்; கட்டுச்சோறு சுமக்கவும் தேவையில்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றார்கள்.

அம்மக்களோ இந்த வசதியைக் கண்டு சலித்துப் போனார்கள். ‘எங்கள் பயணங்களுக்கு இடையே தொலைவை நீட்டி விடு’ என்னும் கருத்துப்பட வேண்டினார்கள். விளைவு என்ன? அவர்கள் சிதறடிக்கப்பட்டு வெறும் பழங்கதையாகிப் போனார்கள். அருளாக வந்த அளவை அற்பமாகக் கருதியதே அவர்கள் செய்த குற்றம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை

நம் பெருமானார் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், அவற்றுள் தலையாயது திருக்கலிமா என்றும், கடைக்கோடியில் உள்ளது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்றும் அறிவித்தார்கள். கடைக்கோடி எனினும் அதுவும் ஈமானின் கிளையே என்பதை மறந்துவிடலாகாது. மக்கள் நடக்கும் வழியிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும், அவர்கள் நீர் எடுக்கும் துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்றும் எச்சரித்தார்கள்.

வழி தெரியாதவனுக்கு வழி காட்டுவது ஸதகா, அதாவது தருமம் என்றும் ஏந்தல் நபி (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள். கையில் காசு இல்லாத ஏழையும் இந்தத் தருமத்தைச் செய்யலாம். ஒருவன் வழியில் நின்று பத்துப் பேருக்கு வழி சொன்னால், பத்துத் தருமங்களின் நன்மையை அடைகின்றான். அவ்வாறாயின், வெயிலிலும் மழையிலும் நூறு ஆண்டுகள் நின்று, சாதி மதம் பாராமல், கேட்பதற்கு முன்பே விடை சொல்லும் கல்லை நாட்டியவனுக்கு எவ்வளவு நன்மை எழுதப்பட்டிருக்கும்! மரித்த பின்னும் தொடரும் ‘ஸதகத்துல் ஜாரியா’ அன்றோ இது?

வழிக்குறிக்கு இவ்வளவு சிறப்பென்றால், அதனைச் சிதைப்பதற்கும் அதே அளவு கண்டனம் உண்டு. ஹஜரத் அலி (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு ஹதீஸில், நால்வர் அல்லாஹ்வின் சாபத்துக்கு உரியவர்களாகச் சொல்லப்படுகின்றனர். பெற்றோரைச் சபிப்பவன், அல்லாஹ் அல்லாத பிறருக்காக அறுத்துப் பலியிடுபவன், குற்றவாளிக்குப் புகலிடம் தருபவன் ஆகியோருடன், நிலத்தின் அடையாளங்களை மாற்றுபவனும் அவர்களுள் ஒருவன். ‘மனாருல் அர்ள்’ என்பது அந்த ஹதீஸில் வரும் சொல். அண்டை வீட்டான் நிலத்தை அபகரிக்க எல்லைக் கல்லை நகர்த்துவதே இதன் பொருள் என்று அறிஞர் பலர் உரைத்துள்ளனர். வழிப்போக்கர்கள் திசையறிய நாட்டப்பட்ட குறிகளை மாற்றுவதும் இதில் அடங்கும் என்று கருதியோரும் உண்டு. இந்த இரண்டாம் கருத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஹரம் எல்லை முதல் ஹஜ் பாதை வரை

புனித மக்காவைச் சுற்றி ஹரமின் எல்லையைக் காட்டும் கற்கள் உள்ளன. அவற்றை முதன்முதலில் நாட்டியவர் நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. மக்கா வெற்றியின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் அக்கற்களைப் புதுப்பிக்கச் செய்தார்கள். ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 638இல், கலீபா உமர் (ரலி) அவர்கள் அந்த எல்லைகளை நன்கறிந்த குறைஷி முதியோரை நியமித்து அவற்றை மீண்டும் செப்பனிட்டார்கள். அதே ஆண்டில், மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே வீடுகள் கட்ட அனுமதி கேட்டவர்களுக்கு, தண்ணீருக்கும் நிழலுக்கும் வழிப்போக்கரே முதல் உரிமை உடையவர் என்னும் நிபந்தனையை விதித்து இசைவு தந்தார்கள்.

ஹாஜிகள் ஸயீ செய்யும் ஸபா, மர்வா குன்றுகளுக்கு இடையிலும் ‘மீல்’ உண்டு. ஆடவர் சற்றே விரைந்தோட வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் இரு பச்சைத் தூண்கள் காட்டி நின்றன. பிக்ஹு நூல்கள் அவற்றை ‘இரு பச்சை மீல்கள்’ என்றே குறிப்பிடுகின்றன. இன்று அவ்விடத்தைப் பச்சை விளக்குகள் காட்டுகின்றன. அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் பாலகன் இஸ்மாயீலுக்காக நீர் தேடி ஓடிய ஓட்டத்தின் நினைவை, இன்றளவும் ஒரு வழிக்குறியே காத்து நிற்கின்றது.

உமையாக்களின் கலீபாவான அப்துல் மலிக் இப்னு மர்வான் கி.பி. 685 முதல் 705 வரை ஆட்சி புரிந்தார். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவை எழுப்பிய அவரே திமிஷ்க் நகரையும் பைத்துல் முகத்தஸையும் இணைத்த பாதைகளைச் சீர்செய்து மீல் கற்களை நாட்டினார். அவற்றுள் சில இன்றும் கிடைத்துள்ளன. பைத்துல் முகத்தஸின் மேற்கே கிடைத்த ஒரு கல், இலியா நகரிலிருந்து ‘இந்த மீல்’ வரை 8 மீல்கள் என்று அறிவிக்கின்றது. முதலில் வரும் மீல் கல்லையும், பின்னர் வரும் மீல் தொலைவையும் குறிப்பதைக் காணுங்கள். ஒரே வாசகத்தில் இரு பொருளும் வந்துவிட்டன! கோலான் பகுதியில் கிடைத்த இரு கற்கள் ஹிஜ்ரி 85ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. திமிஷ்கிலிருந்து 52, 53 மைல்கள் என அடுத்தடுத்த தொலைவுகளைச் சொல்பவை. தொலைவைச் சொல்லும் அக்கற்கள் ஏகத்துவத்துக்கும் சாட்சி சொல்லி நிற்கின்றன.

அப்பாஸியக் கலீபா மஹ்தி ஹிஜ்ரி 161இல் ஈராக்கிலிருந்து மக்கா செல்லும் பாதையில் தங்குமிடங்களையும் நீர்த்தேக்கங்களையும் அமைத்ததோடு மீல் கற்களையும் புதுப்பிக்குமாறு ஆணையிட்டதை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். பின்னர் கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா நாச்சியார் தம் செல்வத்தை வாரி வழங்கி அப்பாதையில் கிணறுகளையும் குளங்களையும் ஏற்படுத்தினார். கூபாவிலிருந்து மக்கா வரை நீளும் அப்பாதைக்கு ‘தர்பு ஜுபைதா’ என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. கி.பி. 831இல் அவர் மறைந்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. பாதையின் பெயரில் அவர் தருமம் இன்னும் வாழ்கின்றது.

பாரத நாட்டில்

14ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த பயணி இப்னு பதூதா, டில்லியிலிருந்து தௌலதாபாத் செல்லும் நாற்பது நாள் பயணப் பாதையின் இருமருங்கிலும் மரங்கள் நிறைந்திருந்ததால், சோலைக்குள் நடப்பதைப் போல் இருந்ததாக எழுதினார். மைலுக்கு மூன்று அஞ்சல் நிலையங்கள் இருந்தன என்றும், அப்பாதை தெலுங்கு நாட்டுக்கும் மஅபருக்கும் தொடர்ந்து சென்றது என்றும் குறிப்பிடுகின்றார். மஅபர் என்று அரபியர் அழைத்தது நம் தமிழகக் கரையைத்தான்.

1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூர், வங்காளத்தின் சோனார்காவ் முதல் சிந்து நதி வரை பெருவழியைச் சீரமைத்தார். இரண்டு குரோசத்துக்கு ஒன்றாகச் சத்திரங்களை எழுப்பினார். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனியே இடமும் நீரும் உணவும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அக்பர் 1575இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் செல்லும் வழியில் குரோசத்துக்கு ஒரு தூண் நிறுத்துமாறு ஆணையிட்டார். ஜஹாங்கீர் 1619இல் ஆக்ராவிலிருந்து லாகூர் வரை குரோசத்துக்கு ஒரு தூணும், மூன்று குரோசத்துக்கு ஒரு கிணறும் அமைக்கச் சொன்னார். ‘கோஸ் மினார்’ எனப்படும் அத்தூண்கள் ஏறத்தாழ 30 அடி உயரமுள்ளவை. ஹரியானா மாநிலத்தின் வயல்களுக்கு நடுவே இன்றும் பல நிற்கின்றன. பக்கத்தில் ஓடிய பாதை மறைந்து போயிற்று. பாதையின் சாட்சி மட்டும் மறையவில்லை.

தமிழ் மண்ணில்

நம் தமிழகத்துக்கு வருவோம். ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான்களின் காலத்தில் ‘அதியமான் பெருவழி’ என்றொரு நெடுஞ்சாலை இருந்தது. அச்சாலையில் நாட்டப்பட்ட கற்கள் கிடைத்துள்ளன. நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்பதை அவற்றுள் ஒன்று அறிவிக்கின்றது. தாவளம் என்றால் வணிகர் தங்கும் இடம். வியப்பு யாதெனில், அக்கல்லில் எழுத்தும் எண்ணும் மட்டும் இல்லை. இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பொதிமாட்டுக்காரனும், இருளில் வருபவனும் விரலால் தடவி 29 என்று அறிந்து கொள்ளலாம்!

சேலம் மாவட்டத்து ஆறகழூரில் கிடைத்த ‘மகதேசன் பெருவழி’க் கல்லும் இவ்வாறே காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்று சொல்லி, 16 குழிகளையும் காட்டுகின்றது. இவை முஸ்லிம் மன்னர்கள் நாட்டியவை அல்ல. ஆயினும், படிக்கத் தெரியாதவனையும் மறவாத அந்தப் பெருந்தன்மையைப் போற்றாதிருக்க முடியுமா? நன்மை எங்கிருந்தாலும் அதை நன்மை என்று சொல்வதே நம் மார்க்கம் கற்பித்த நீதி.

திண்டிவனம் என்னும் பெயரே புளியங்காடு என்று பொருள்படுவது. சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் தெற்குப் பெருஞ்சாலையும், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் சாலையும், புதுச்சேரிச் சாலையும் கூடும் ஊர் அது. பீஜாப்பூர் படைகளும், மராட்டியரும், முகலாயரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராகச் செஞ்சியை நோக்கி நடந்த மண் இது. ஆர்க்காட்டு நவாப் ஸஆதத்துல்லாஹ் கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசல் செஞ்சிக் கோட்டையினுள் இன்றும் நிற்கின்றது. வந்தவர் அனைவரும் போய்விட்டனர். வழி மட்டும் எஞ்சியது.

ஆங்கிலேயர் காலத்தில் இச்சாலைகளில் மைல் கற்கள் நடப்பட்டன. அவர்கள் நாட்டிலேயே அதற்கொரு வரலாறு உண்டு. 1663ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்குச் சுங்கச் சாலைகள் தோன்றின. வழிப்போக்கரிடம் காசு பெற்று, அதைக் கொண்டே சாலையைப் பேணுவது அதன் முறை. காசு வாங்குபவன் தொலைவைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதால், 1767 முதல் அச்சாலைகளில் மைல் கல் கட்டாயமாக்கப்பட்டது. அங்குக் கடைசிச் சுங்கச் சாலை 1895இல் முடிவுக்கு வந்தது. நம் சென்னை மாகாணத்திலும் சுங்கச்சாவடிகள் இருந்தன. 1931இல் மோட்டார் வாகன வரி வந்ததையொட்டி அவை நீக்கப்பட்டன. இன்று தேசிய நெடுஞ்சாலைகளில் மீண்டும் சுங்கம் செலுத்துகின்றோம்.

நம் பிக்ஹுச் சட்டமும் இதையே வலியுறுத்துகின்றது. வாகனத்தை வாடகைக்குப் பேசும்போது போகும் இடமும் தொலைவும் தெளிவாக இருத்தல் வேண்டும். தெளிவின்மை வழக்குக்கு வித்திடும். வண்டிக்காரனுக்கும் சத்தம் பேசியவனுக்கும் இடையே நடுநிலை தவறாத மத்தியஸ்தனாகச் சாலையோரக் கல் நின்றது.

கல்லை அளந்த தொழுகை

நான் அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில், முஸாபிரின் தொழுகையைப் பற்றிய பாடத்தை எங்கள் உஸ்தாத் அவர்கள் நடத்தினார்கள். நான்கு ‘பரீது’ தொலைவில் இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகியோர் தொழுகையைச் சுருக்கினார்கள் என்பது புகாரியில் காணும் செய்தி. ஒரு பரீதுக்கு நான்கு பர்ஸக். ஒரு பர்ஸக்குக்கு மூன்று மீல். ஆக 48 மீல். ஹனபி மத்ஹபில் மூன்று நாள் நடைப்பயணமே அடிப்படை. நம் நாட்டு உலமாக்கள் அதை 48 மைல் என்று வரையறுத்தனர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 77 கிலோமீட்டர்.

அன்று ஒரு மாணவர், ‘ஹஜரத், 48 மைல் என்று எப்படி அறிவது?’ என்று கேட்டார். ‘அல்லாஹ்வின் கிருபையால் சாலையில் கல் இருக்கின்றது, எண்ணிக் கொண்டு போ!’ என்றார்கள் உஸ்தாத். நாங்கள் சிரித்தோம். ஆனால் எவ்வளவு உண்மை! திண்டிவனத்தார் திருவண்ணாமலை சென்றால் முழுமையாகத் தொழ வேண்டும். சென்னைக்குச் சென்றால் சுருக்கித் தொழலாம். நான்கு ரக்அத்தா, இரண்டு ரக்அத்தா என்பதைத் தீர்மானிக்கும் சாட்சியாகச் சாலையோரக் கல் நின்றது. சாட்சி பொய்த்தால் அமல் என்னாகும்?

பள்ளிவாசலில் கிடந்த கல்

இப்போது அந்தக் கல்லின் கதைக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், வல்லம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ பயான் செய்யச் சென்றிருந்தேன். ஒளுச் செய்யும் இடத்தில், கால் கழுவ வசதியாக ஒரு கருங்கல் போடப்பட்டிருந்தது. அதன் மீது காலை வைத்துக் கழுவினேன். நீர் பட்டதும், தேய்ந்த எழுத்துகள் சில தெரிந்தன. ‘திண்டி’ என்பது வரை படிக்க முடிந்தது. கீழே ஓர் எண்.

விசாரித்தேன். சாலையை அகலப்படுத்தியபோது இயந்திரம் அக்கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டதாம். வீணாகிப் போகின்றதே என்று இளைஞர்கள் சிலர் தூக்கி வந்து பள்ளிவாசலுக்குக் கொடுத்தார்களாம். நல்ல எண்ணந்தான். நானும், ‘அல்லாஹ் நற்கூலி தருவானாக’ என்று சொல்லிவிட்டு மிம்பரில் ஏறினேன். அன்றைய பயானின் தலைப்பு, பிறர் உரிமையைப் பேணுதல்!

இரவில் வீடு திரும்பும்போதுதான் ‘மனாருல் அர்ள்’ என்னும் அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. வழிப்போக்கர் அனைவருக்கும் உரிய அமானிதம் அக்கல். அதைப் பெயர்த்தவர்கள் நாங்கள் அல்லர். ஆனால் உரியவரிடம் கேளாமல் எடுத்து, எழுத்தின் மீது கால் வைத்து, அந்த நீரோடு தொழுகைக்குச் சென்றோமே! பள்ளிவாசலுக்குப் பயன்படுகின்றது என்பதால் பொதுச் சொத்து நம் சொத்தாகிவிடுமா? அல்லாஹ் தூயவன், தூயதையன்றி அவன் ஏற்பதில்லை என்று ஊருக்கெல்லாம் ஓதிய நான், கண்முன் இருந்ததைக் காணாமல் போனேன்.

அடுத்த வெள்ளியன்று மீண்டும் சென்று, என் தவற்றை ஜமாஅத்தார் முன் ஒப்புக்கொண்டேன். அவர்கள் பெருந்தன்மையோடு கல்லை எடுத்துக் கழுவினார்கள். ‘பள்ளிவாசலின் முகப்பிலேயே நட்டு வைப்போம், அழகாக இருக்கும்’ என்றார் ஒருவர். அப்போது, இளமையில் மாட்டுவண்டி ஓட்டிய முதியவர் ஒருவர் தடுத்தார்.

‘வேண்டாம் ஹஜரத். இது நின்ற இடம் இது அல்ல. முக்கால் கல் கிழக்கே, மதகை ஒட்டிய புளியமரத்தடி. இங்கே நட்டால் கல் பொய் சொல்லும்’ என்றார்.

நாற்பது ஆண்டுகள் கிதாபு ஓதிய எனக்கு இந்த வாக்கு விளங்க வேண்டியிருந்தது. கல்லில் உள்ள எழுத்து மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. ஆயினும் இடம் மாறினால் அது பொய்ச் சாட்சியாகிவிடுகின்றது. புளியமரம் இப்போது இல்லை, மதகு இருந்தது. சாலைக்குப் பொறுப்பான அலுவலரிடம் சொல்லி இசைவு பெற்று, வாகனங்களுக்கு இடையூறு இல்லாதவாறு சாலையின் ஓரம் தள்ளி, மதகுக்கு நேராக அதை மீண்டும் ஊன்றினோம். தோண்டியவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். அவ்வூர் இந்து இளைஞர்களும் இருந்தனர். முதியவர் தள்ளி நின்று, ‘இன்னும் ஒரு முழம்’, ‘ஆ, இதுதான்’ என்று சொல்லிக் கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் அவர் கல்லின் தலையைத் தடவிப் பார்த்த காட்சியை நான் மறக்க முடியாது.

‘இனி இதனால் யாருக்கு என்ன பயன்?’ என்று கேட்பீர்கள். இந்திய அரசு 1956இல் இயற்றிய அளவைச் சட்டத்துக்குப் பின் மைல் போய் கிலோமீட்டர் வந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை என்று புதிய கற்களும் நிற்கின்றன. உண்மைதான். எனினும், பழைய சாட்சி பயனற்றுப் போனான் என்பதற்காக அவனைப் பொய்யனாக்க நமக்கு உரிமை இல்லை.

நாமும் ஒரு வழிக்குறியே

வாசக அன்பர்களே! உங்கள் ஊர்ச் சாலைகளிலும் இத்தகைய கற்கள் இருக்கக்கூடும். மண்ணில் பாதி புதைந்து, சுவரொட்டிக்குப் பின்னே மறைந்து, துணி துவைக்கும் கல்லாகவோ வாசற்படியாகவோ கிடக்கக்கூடும். கண்டால் கடந்து போகாதீர்கள். மண்ணை அகற்றுங்கள், ஊராட்சிக்கோ, தொல்லியல் துறைக்கோ, நெடுஞ்சாலைத் துறைக்கோ தெரிவியுங்கள். வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். அதன் இடமே அதன் உயிர். பாதையில் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளை எனில், பாதையில் நன்மை தரும் பொருளைக் காப்பதும் அவ்வழிப்பட்ட நற்செயலே.

மதீனாவில் பனூ ஸலமா கூட்டத்தார் தொலைவில் வாழ்ந்தனர். பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பினர். உங்கள் இல்லங்களிலேயே இருங்கள். உங்கள் அடிச்சுவடுகள் எழுதப்படுகின்றன என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். நம் கணக்கில் தொலைவு சிரமம். அல்லாஹ்வின் கணக்கில் அது கூலி. நாம் எண்ணாத அடியையும் அவன் எண்ணி வைக்கின்றான்.

உலகில் வழிப்போக்கனைப் போல் வாழுமாறு இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். தம் உம்மத்தின் வயது அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டது என்றும் சொல்லிச் சென்றார்கள். நானோ ஐம்பதாவது கல்லைக் கடந்து வந்துவிட்டவன். கடந்து வந்த தொலைவு தெரிகின்றது. எஞ்சிய தொலைவைச் சொல்லும் கல் எவர் பாதையிலும் நடப்படவில்லை. ஆகவே, எந்நேரமும் ஊர் வந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு கட்டுச்சோற்றைக் கட்டி வைத்துக் கொள்வதே அறிவுடைமை.

ஒவ்வொரு தந்தையும் தன் பிள்ளைகளுக்கு ஒரு மீல். ஒவ்வொரு ஆலிமும் தன் ஊருக்கு ஒரு மீல். நம்மைப் பார்த்தே பின்வருவோர் தொலைவை அறிகின்றனர். நாவில் உள்ள எழுத்து சரியாக இருந்தும், நிற்கும் இடம் பிசகினால், நம்மைப் பார்த்து நடப்பவரும் வழி தவறுவர். வல்லத்து முதியவர் கல்லுக்குச் சொன்ன சொல் நமக்கும் பொருந்தும்.

வல்ல ரஹ்மான் நம்மை நேர்வழியில் நிலைத்து நிற்கச் செய்து, பிறருக்கு வழி காட்டும் தருமத்தையும் நம் கையால் நிறைவேற்றித் தருவானாக! ஆமீன்.